நர்ஸுக்கு இன்னும் என்ன படிப்பு?

— நமது நிருபர்

“வேலை கிடைச்சாச்சு. மாசம் பொறந்தா சம்பளம் வருது. இதுக்கு மேலே இன்னும் என்னம்மா படிப்பு வேண்டிக் கிடக்கு? நீங்களே கேட்டுச் சொல்லுங்க!”

மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு அந்த அம்மாள் இப்படிக் கேட்டபோது நமக்கு உடனே பதில் தோன்றவில்லை. கேள்வி என்னவோ நம்மிடம்தான் வந்தது. ஆனால் அது போய்ச் சேர வேண்டிய இடம், திண்ணையில் உட்கார்ந்திருந்த அவருடைய மகள்தான் என்பது மூன்று பேருக்கும் தெரிந்தே இருந்தது. மகள் சிரித்துக்கொண்டே தலையைக் குனிந்துகொண்டாள்.

இந்தச் சம்பாஷணை நடந்த இடம் காரைக்கால்மேடு. காரைக்கால் நகரத்தை அடுத்து, கடலை ஒட்டி அமைந்திருக்கும் மீனவர் ஊர். காரைக்கால் என்றதும் நம் வாசகிகளுக்கு அம்மையாரும் மாங்கனித் திருவிழாவும், பக்கத்திலிருக்கும் திருநள்ளாறும் நினைவுக்கு வரும். இந்தக் கடற்கரைக்காரர்களுக்கு வேறொரு நினைவும் உண்டு. 2004-ஆம் வருஷம் டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமைக் காலையில் கடல் எழுந்து ஊருக்குள் வந்ததே, அந்த நினைவு. காரைக்கால் பகுதியில் மட்டும் நூற்றுக்கணக்கான உயிர்கள் போயின. இன்றும் அந்தத் தேதி வந்தால் ஜனங்கள் கரைக்குப் போய்ப் பாலை ஊற்றி, மலர் தூவி, அழுதுவிட்டுத் திரும்புகிறார்கள்.

நாம் பார்க்கப் போன பெண்ணுக்கு அப்போது வயது ஆறு. பி.எஸ்ஸி. நர்ஸிங் படித்துவிட்டு, வெளியூர் ஆஸ்பத்திரி ஒன்றில் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கிறாள். லீவில் வீட்டுக்கு வந்திருந்தாள். வேலையை விட்டுவிட்டு மேலும் இரண்டு வருஷம் படிக்கப் போவதாகச் சொல்லவும், வீட்டில் புயல் கிளம்பிவிட்டது! “என் பெயரை மட்டும் போட்டுடாதீங்க அக்கா” என்று கேட்டுக்கொண்டாள். ஆகவே பெயரை விட்டுவிடுவோம்.

சுனாமியா காரணம்?

“நீ நர்ஸ் ஆனதற்கு அந்தச் சுனாமிதான் காரணமா?” என்று கேட்டோம். நாம் மட்டுமல்ல, யார் வந்தாலும் அதைத்தான் கேட்கிறார்களாம்.

“நர்ஸ் ஆனதுக்கு அதுதான் காரணம், அக்கா. அன்னிக்கு ஆஸ்பத்திரியிலே ஒரு நர்ஸம்மா என் கண்ணுலேயும் வாயிலேயும் இருந்த மணலைத் துடைச்சு விட்டாங்க. அவங்க முகம்கூட எனக்கு ஞாபகம் இல்லே; கை மட்டும் ஞாபகம் இருக்கு. அதனாலே நர்ஸுக்குப் படிச்சேன். ஆனா, இப்ப மேலே படிக்கணும்னு நினைக்கிறதுக்குக் காரணம் அது இல்லே. அது வேற ஒரு ராத்திரி.”

இந்த வித்தியாசம் நமக்குப் புதிதாக இருந்தது. ஒரு தொழிலுக்கு வருவதற்கு ஒரு காரணம். வந்த பிறகு அதிலேயே ஆழமாக இறங்குவதற்கு வேறொரு காரணம்! இரண்டாவது காரணத்தைப் பற்றி நாம் யாரும் அதிகமாகக் கேட்பதில்லை.

எண்ணிக்கை ஏறிய இரவு

அறுவைச் சிகிச்சை முடிந்த ஒரு பெரியவர். இரவு பத்து மணிக்கு அவள் அவருடைய மூச்சை எண்ணினாள். நிமிஷத்துக்கு 18. பெரியவர்களுக்கு ஓய்வாக இருக்கும்போது 12 முதல் 20 வரை இருக்கலாம், ஆகவே பயமில்லை. நள்ளிரவில் 24. இரண்டு மணிக்கு 30. இரத்த அழுத்தமோ ஒழுங்காகத்தான் இருந்தது. அவரும், “ஒண்ணுமில்லை பாப்பா, தூக்கம்தான் வரலே” என்றார்.

உடம்பு உள்ளே தோற்கத் தொடங்கும்போது மற்ற அடையாளங்களுக்கு முன்பாகவே பல சமயங்களில் மூச்சின் வேகம் ஏறிவிடும். இது நர்ஸுகள் படிக்கும் பாடம். டியூட்டி டாக்டருக்குப் போன் செய்தாள். அவர் வேறொரு நோயாளியின் உயிரோடு போராடிக்கொண்டிருந்தார். “பிரஷர் எவ்வளவு?” என்று கேட்டார், சொன்னாள். “அப்படியானால் கொஞ்சம் பாருங்கள், வருகிறேன்” என்றார். வந்தார், ஆனால் வருவதற்குள் நேரமாகிவிட்டது. பெரியவரைச் செயற்கைச் சுவாச யந்திரத்தில் வைத்தார்கள். இரண்டு நாள் கழித்து அவர் போய்விட்டார்.

“டாக்டர் மேலே தப்பு இல்லே, அக்கா. அவர் ஒரு ஆள். எத்தனை பேரைப் பார்ப்பார்? முன்னாடியே வந்திருந்தாலும் அந்தத் தாத்தா பிழைச்சிருப்பாரோ, மாட்டாரோ, அதுவும் தெரியாது. ஆனா ஏதோ சரியில்லேன்னு எனக்குத் தெரிஞ்சுது. ஏன் சரியில்லே, அடுத்தது என்ன செய்யணும்னு அழுத்திச் சொல்ல எனக்குப் படிப்பு பத்தலே. செய்யறதுக்கு அதிகாரமும் இல்லே. நாலு மணி நேரம் பக்கத்துலேயே நின்னேன். அவ்வளவுதான்.”

அம்மாள் மீனைத் தரம் பிரிப்பதை நிறுத்திவிட்டு மகளைப் பார்த்தார். இந்தக் கதையை அவரும் அன்றுதான் முதல் தடவையாகக் கேட்டிருக்க வேண்டும்.

திண்டிவனத்தில் ஓர் இரவு

இதைக் கேட்டதும் நமக்கு வேறொரு இரவு ஞாபகம் வந்தது. அதுவும் நம் பக்கத்தில்தான், திண்டிவனத்தில், 1894-ல் நடந்தது. ஐடா ஸ்கடர் என்ற அமெரிக்கப் பெண், நோய்வாய்ப்பட்டிருந்த தாயாரைக் கவனித்துக்கொள்ள அங்கே வந்திருந்தாள். அவள் தகப்பனார் பாதிரியாரும் டாக்டருமாக இருந்தவர். ஓர் இரவில், ஒருவர் பின் ஒருவராக மூன்று பேர் வந்து கதவைத் தட்டினார்கள். மூன்று பேருடைய மனைவியும் பிரசவ வேதனையில் துடித்துக்கொண்டிருந்தார்கள். “என் தகப்பனார் வருவார்” என்றாள் ஐடா. ஆண் டாக்டர் வேண்டாம் என்று மூவருமே திரும்பிவிட்டார்கள். “எனக்கு வைத்தியம் தெரியாதே!” என்று சொல்வதைத் தவிர அவளால் வேறு எதுவும் செய்ய முடியவில்லை. பொழுது விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது.

இந்தியாவே வேண்டாம் என்றிருந்த அந்தப் பெண், அமெரிக்கா போய் டாக்டருக்குப் படித்து 1899-ல் பட்டம் பெற்றுத் திரும்பினாள். வேலூரில் 1900-ல் ஒரே ஒரு படுக்கையுடன் அவர் தொடங்கிய வைத்தியசாலைதான் இன்றைய கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி.

இந்தக் கதை பலருக்குத் தெரியும். பலர் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. பெண்களுக்கு வைத்தியக் கல்வி கொடுக்க அவர் 1918-ல் பள்ளி தொடங்கினார். ஆனால் அதற்கு ஒன்பது வருஷம் முன்பே, 1909-ல், நர்ஸுகளுக்குப் பள்ளி தொடங்கியாகிவிட்டது! டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போன பிறகு, இராத்திரி முழுவதும் பக்கத்தில் இருக்கப் போகிறவள் படித்தவளாக இருக்க வேண்டும் என்பதை அனுபவத்தில் கண்டவர் அவர்.

படிப்பின் படிகள்

நம் ராஜ்யத்தில் நர்ஸ் படிப்பு நேற்று முளைத்ததல்ல. சென்னை அரசாங்கப் பொது ஆஸ்பத்திரியில் 1871-லேயே நான்கு மாணவிகளோடு பயிற்சி தொடங்கியது. ஆனால் வெகு காலம் வரை அது கைத்தொழில் போலத்தான் கருதப்பட்டது. 1946-ல்தான் வேலூரிலும் டில்லியிலும் நர்ஸிங்கில் பட்டப் படிப்பு வந்தது. 1959-ல் டில்லியில் எம்.எஸ்ஸி. வகுப்பு தொடங்கியது.

இன்று டிப்ளமா மூன்று வருஷம், பி.எஸ்ஸி. நான்கு வருஷம். டிப்ளமா முடித்தவர்கள் மேலும் இரண்டு வருஷம் படித்தால் பட்டதாரி ஆகலாம். அதற்குப் பிறகு எம்.எஸ்ஸி. இரண்டு வருஷம், குழந்தை நலம், பிரசவ நலம், மனநலம், சமூக நலம் என்று பிரிவுகள் உண்டு.

இதிலே ஒரு வேடிக்கையும் இருக்கிறது. எம்.எஸ்ஸி. முடித்தவர்களில் பலர் கல்லூரி ஆசிரியைகளாகப் போய்விடுகிறார்கள். நன்றாகப் படித்தவளுக்குப் பரிசு, நோயாளியை விட்டு விலகிப் போவது! இதற்கு மாற்றாக 2017-ல் வந்ததுதான், நம் காரைக்கால்மேட்டுப் பெண் சேர விரும்பும் இரண்டு வருஷப் படிப்பு. தீவிர சிகிச்சைக்கான ‘நர்ஸ் பிராக்டிஷனர்’ படிப்பு என்று அதற்குப் பெயர். பட்டமும் குறைந்தது ஒரு வருஷ அனுபவமும் உள்ளவர்களுக்கு, ஆஸ்பத்திரியிலேயே வேலை பார்த்துக்கொண்டே பயிற்சி. நோயாளியைப் பரிசோதிப்பது, சுவாச யந்திரத்தைக் கையாள்வது, முன்கூட்டியே வகுத்த விதிமுறைப்படி அவசர சிகிச்சையைத் தொடங்குவது ஆகிய எல்லாவற்றுக்கும் அவளைத் தயார் செய்கிறார்கள். பிரசவத்துக்கும் இதே போன்ற ஏற்பாடு உண்டு. அனுபவமுள்ள நர்ஸுகளுக்கு 18 மாதப் பயிற்சி கொடுக்க 2018-ல் மத்திய சர்க்கார் நெறிமுறைகளை வெளியிட்டது.

இந்த யோசனை பிறந்த இடம் அமெரிக்காவின் கொலராடோ ராஜ்யம். லொரெட்டா ஃபோர்டு என்ற நர்ஸ், டாக்டர்கள் எட்டிப் பார்க்காத கிராமங்களில் குழந்தைகளைக் கவனித்து வந்தார். ‘டாக்டர் வரவில்லை என்றால் குழந்தைகள் காத்திருக்க வேண்டியதுதானா?’ என்ற கேள்வி அவரை விடவில்லை. ஹென்றி ஸில்வர் என்ற குழந்தை வைத்தியருடன் சேர்ந்து 1965-ல் முதல் பயிற்சியைத் தொடங்கினார். ‘நர்ஸ் டாக்டர் ஆகப் பார்க்கிறாள்’ என்று டாக்டர்களும் கோபித்தார்கள். ‘இவள் நர்ஸே இல்லை’ என்று நர்ஸுகளும் கோபித்தார்கள்! அந்த அம்மையார் 2025 ஜனவரியில், தமது 104-வது வயதில் காலமானார். அதற்குள் அவர் நட்ட கன்று பல தேசங்களில் மரமாகிவிட்டது.

படிப்பினால் நோயாளிக்கு லாபம் உண்டா என்று கணக்கும் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஐரோப்பாவில் 9 தேசங்கள், 300 ஆஸ்பத்திரிகள், அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட நாலு லட்சத்துக்கு மேற்பட்ட நோயாளிகள். லிண்டா எய்கன் என்ற நர்ஸிங் பேராசிரியையின் குழு செய்த இந்த ஆராய்ச்சி, 2014-ல் ‘லான்ஸெட்’ வைத்தியப் பத்திரிகையில் வெளியாயிற்று. பட்டம் பெற்ற நர்ஸுகளின் விகிதம் நூற்றுக்குப் பத்து கூடுதலாக இருந்த இடத்தில், முப்பது நாளுக்குள் நோயாளி இறக்கும் வாய்ப்பு 7 சதவிகிதம் குறைவாக இருந்தது. இன்னொன்றும் கண்டார்கள்: ஒரு நர்ஸின் பொறுப்பில் ஒரே ஒரு நோயாளி கூடினாலும் அந்த அபாயம் 7 சதவிகிதம் ஏறியது. படிப்பு வேண்டும், கூடவே ஆள் பலமும் வேண்டும்.

சம்பளம் ஒரு காரணமில்லையா?

‘சேவை, சேவை என்கிறீர்களே, பணத்துக்காகப் படிக்கிறவர்கள் இல்லையா?’ என்று வாசகிகள் கேட்கலாம். இருக்கிறார்கள், அதில் என்ன வெட்கம்? பதவி உயர்வுக்காகப் படிக்கிறவர்கள் உண்டு. வெளிநாட்டு வேலைக்காகப் படிக்கிறவர்கள் உண்டு. இராத்திரி டியூட்டி பார்த்துப் பார்த்து இடுப்பு ஒடிந்து, ‘பாடம் சொல்லிக் கொடுக்கப் போனால் போதும்’ என்று படிக்கிறவர்களும் உண்டு. ‘ஏய் நர்ஸ்!’ என்று கூப்பிடுகிறவர்கள் ‘மேடம்’ என்று கூப்பிட வேண்டும் என்பதற்காகவே படித்தால்கூட, அதை நாம் குறை சொல்ல மாட்டோம்.

ஆனால் மேல்படிப்பு முடித்தவுடன் சம்பளம் ஏறிவிடும் என்று நினைப்பது தவறு. புதுப் படிப்புக்கு ஏற்ற பதவி எல்லா ஆஸ்பத்திரிகளிலும் இன்னும் ஏற்படவில்லை. இரண்டு வருஷம் படித்துவிட்டு, பழைய வேலைக்கே திரும்ப நேரலாம். இது தெரிந்தேதான் அந்தப் பெண் பேசுகிறாள்.

வீட்டாரின் தயக்கமும் புதிதல்ல. ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் 1845-ல் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பயிற்சி பெற விரும்பியபோது, அந்தப் பணக்காரப் பெற்றோர் கூடாது என்று தடுத்துவிட்டார்கள். 1851-ல் ஜெர்மனிக்குப் போய் மூன்று மாதம் பயிற்சி பெற்றபோது அவளுக்கு வயது 31! காரைக்கால்மேட்டு அம்மாளின் கவலை அந்தஸ்தைப் பற்றியதல்ல. பி.எஸ்ஸி.க்கு வாங்கிய கடன் இப்போதுதான் அடைந்திருக்கிறது. பெண்ணுக்குக் கல்யாண வயது தாண்டிக்கொண்டிருக்கிறது. அந்தக் கவலையை யார் குறை சொல்ல முடியும்?

காற்றும் சுக்கானும்

வெயில் இறங்கத் தொடங்கியது. அம்மாள் மறுபடியும் பேச்சை ஆரம்பித்தார்.

“மூச்சை எண்ணத்தான் ஏற்கெனவே தெரியுதே! அதுக்கு இன்னும் ரெண்டு வருஷமா? உங்க அப்பா என்ன காலேஜுக்கா போனாரு? காத்து திரும்பறதை முகத்துலே படறப்பவே சொல்லிடுவாரே!”

மகள் நிதானமாகச் சொன்னாள்: “சொல்லிடுவாரு, சரி. சொன்னதும் என்னம்மா பண்ணுவாரு?”

“என்ன பண்ணுவாரு? படகைத் திருப்பிடுவாரு.”

“ஏன்னா, சுக்கான் அவர் கையிலே இருக்கு. எனக்குக் காத்து திரும்பறது தெரியுதும்மா. சுக்கான்தான் என் கையிலே இல்லே.”

அம்மாள் பதில் சொல்லவில்லை. கடல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

“படிச்சு முடிச்சா, இந்தக் காரைக்கால் ஆஸ்பத்திரிக்கே வருவியா? ஒண்ணுன்னா நம்ம சனம் சீர்காழி, சிதம்பரம், கடலூருன்னு தாண்டிப் பாண்டிச்சேரிக்கு ஓட வேண்டியிருக்கே!”

“வேலை போட்டா வருவேம்மா” என்றாள் மகள்.

“போடாட்டா?”

இந்தக் கேள்விக்கு அந்தப் பெண்ணிடம் பதில் இல்லை. அது அவள் ஒருத்தி சொல்ல வேண்டிய பதிலும் அல்லவே!

நாம் விடைபெற்றுக்கொண்டு தெருமுனை வரை வந்துவிட்டோம். பின்னால் அம்மாளின் குரல் கேட்டது. மகளிடம்தான் கேட்டுக்கொண்டிருந்தார்:

“ஏண்டி, அந்த விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி என்னிக்குன்னு சொன்னே?”