பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கேட்டு வாங்குங்கள்

தமிழக அரசு 2011-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் தேதி தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் பயனாக, பட்டாசும் தீப்பெட்டியும் அச்சுத் தொழிலுமே ஜீவனோபாயமாக அமைந்த, இப்போது சிவகாசி மாநகராட்சியோடு இணைந்துவிட்ட திருத்தங்கலிலும், அதுவரை கணினியைக் கண்டிராத இல்லங்கள் பலவற்றுள் லேப்டாப் பிரவேசித்தது. இன்று அவற்றில் எஞ்சியவை, பொத்தானை அமுக்கிவிட்டு நெடுநேரம் காத்திருக்க வைக்கின்றன. குற்றம் பெரும்பாலும் ஹார்ட் டிஸ்க்கினுடையது. சுழலும் தகட்டின்மேல் ஒரு சிறு முனை இங்குமங்கும் நகர்ந்து தகவலைத் தேடியெடுக்கும் அந்தப் பாகத்தை நீக்கி, அசையும் உறுப்பே இல்லாத எஸ்.எஸ்.டி.யைப் பொருத்தினால் அதே யந்திரம் புத்துயிர் பெறும். ஆடிப் பதினெட்டுக்குக் காலண்டர் ஆல்பம் வெளிவருமுன் இரவுபகலாக டிசைன் செய்யும் டி.டி.பி. தொழிலாளிக்கு இது சிறிய லாபமன்று.

ஆனால், புதியது வந்த சந்தோஷத்தில், கழற்றிய பழைய டிஸ்க்கைக் கடையிலேயே விட்டுவருவோர் அநேகர். இதுவே பெரிய அபாயம். நாம் ‘டெலிட்’ செய்த கோப்பின் இருப்பிடக் குறிப்பு மட்டுமே அழிகிறதன்றி, கோப்பு தகட்டிலேயே கிடக்கிறது; ஆதார் நகல், பாஸ்புக் படம், வீட்டுப் பெண்களின் புகைப்படம் யாவற்றையும், இலவசமாகக் கிடைக்கும் மென்பொருளைக் கொண்டே அந்நியர் மீட்டுவிடலாம். அந்த டிஸ்க் உங்கள் சொத்து. கேட்டு வாங்குங்கள், யு.எஸ்.பி. கேஸில் போட்டால் பேக்கப்புக்கும் உதவும்.

மற்றோர் அபாயம் போலிச் சரக்கு. ஒரு டி.பி. என்று காட்டிக்கொள்ளும் மலிவான டிரைவ்களில் சில, உண்மைக் கொள்ளளவைக் கடந்ததும், எழுதுவதாகப் பாவனை செய்து முந்தைய கோப்புகளையே நாசமாக்கும். ஆகையால் கம்பெனிப் பெயர், கொள்ளளவு, சீரியல் நம்பர் மூன்றும் எழுதிய பில் அத்தியாவசியம். அந்த நம்பரைக் கடையில் இருக்கும்போதே கம்பெனியின் இணையதளத்தில் போட்டு வாரண்டியைச் சரிபார்த்துக்கொள்வது உத்தமம். “பில் போட்டால் ஜி.எஸ்.டி. சேரும், அண்ணாச்சி” என்று கடைக்காரர் சொன்னாலும் இணங்காதீர்கள்.

2020-ஆம் ஆண்டு ஜூலை 20 முதல் அமலில் உள்ள 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பில் தராமையும், பழுதான பொருளைப் பில்லில் கண்ட கெடுவுக்குள், கெடு குறிக்காவிடில் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற மறுப்பதும் நியாயமற்ற வணிக நடவடிக்கைகளே. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். அதனால் பரிகாரம் கிட்டாவிடில், விவகாரம் எழுந்த இரண்டு ஆண்டுகளுக்குள் ஸ்ரீவில்லிபுத்தூரில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமில்லை, வக்கீலும் கட்டாயமில்லை. ஆன்லைனில் வாங்கியவர், விற்றவன் டில்லியில் இருக்கிறானே என்று மனம் தளர வேண்டாம். தாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடர இச்சட்டம் இடமளிக்கிறது.