மூச்சுக்கே முதல் மரியாதை

குரல் எழுவது மூச்சு வெளியேறும்போதுதான். ஸ்ரீபெரும்புதூர் ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் பிரபந்தம் சேவிப்பவர்களும் பாசுரத்தின் இடையே மூச்செடுத்தாக வேண்டும். குரல்நாண்கள் ஒலிக்காக நெருங்குகின்றன; மூச்சிழுக்க விலகுகின்றன.

இந்த ஒத்திசைவு மூளைத்தண்டின் வேலை. முகுளத்திலுள்ள பிரீபாட்சிங்கர் என்ற நரம்பணுக் கூட்டமே மூச்சின் தாளத்தை உண்டாக்குகிறது என்பது 1991இல் தெரியவந்தது. குரல்நாண்களை மூடவைக்கும் நரம்பணுக்கள் வேறு. அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் சுண்டெலிகளில் அவற்றைச் செயற்கையாகத் தூண்டினார்கள். 2024இல் முடிவு வெளியானது. மனிதச் செவிக்கு எட்டாத கீச்சொலி எழுந்தது. ஆனால் தூண்டல் நீடித்தபோதும், மூச்சிழுக்கும் நேரம் வந்ததும் ஒலி அறுந்தது. பிரீபாட்சிங்கரிலிருந்து வரும் தடைச் சமிக்ஞைதான் காரணம். அழகான ஏற்பாடுதான்: பேச்சு காத்திருக்கலாம், உயிர் காத்திருக்காது. அந்தத் தடையை நீக்கியபோது சுண்டெலிகளின் குரலும் மூச்சும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன.