வரத்துக்கால் இல்லாத ஏரி

ஏரி என்றால் அதற்கு வரத்துக்கால் ஒன்று வேண்டும்; மிகுந்த நீர் வழிந்தோடக் கலங்கல் ஒன்று வேண்டும். இது நாம் அறிந்த முறை. இவ்விரண்டும் கண்ணுக்குப் புலப்படாத ஓர் ஏரி ஸ்விட்ஸர்லாந்தின் கிழக்குப் பகுதியில், கிராவ்புண்டன் மாநிலத்தில், கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கௌமா ஏரி என்பது அதன் பெயர். கோடையில் மக்கள் நீந்தி மகிழும் ஏரி அது. அங்கே செல்லும் வழியையும், நீர் அங்கே வந்து நிற்பதன் காரணத்தையும் இன்று சொல்ல விரும்புகிறேன்.

முதலில் வழி. இதற்குச் சொந்த மோட்டார் வண்டி வேண்டியதில்லை. ஜூரிச் நகரில் ரயில் ஏறினால் ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரத்தில் கூர் என்னும் பழம்பெரும் நகரை அடையலாம். அங்கே பஸ்ஸைத் தேடி அலைய வேண்டாம். ரயில் தண்டவாளங்களுக்கு மேலேயே, வளைந்த கண்ணாடிக் கூரையின் கீழ், பஸ் நிலையம் அமைந்திருக்கிறது. அங்கு நிற்கும் மஞ்சள் நிறத் தபால் பஸ், கடிதப் பைகளையும் பிரயாணிகளையும் ஒருங்கே சுமந்த பழைய குதிரை வண்டியின் வாரிசு. ரயில் வரும் நேரத்தை அனுசரித்தே பஸ் புறப்படும் நேரம் வகுக்கப்பட்டிருக்கிறது. மலைச்சாலையில் ஏறி, ஃபிளிம்ஸ் என்னும் ஊரின் காட்டோரப் பகுதியான வால்ட்ஹவுஸில் அது நம்மை இறக்கிவிடும்.

அங்கிருந்து கால்நடைதான். வழிகாட்டிப் பலகைகள் மஞ்சள் நிறத்தில் நிற்கின்றன. அவற்றில் எழுதியிருப்பது தூரமன்று. நடப்பதற்கு ஆகும் நேரம். மலையில் ஏற்றமும் இறக்கமும் அறியாமல் தூரத்தை மட்டும் சொல்வதில் பயனில்லை அல்லவா? ஊசியிலை மரங்களின் நிழலில் சுமார் அரை மணி நேரம் நடந்தால் ஏரி வந்துவிடும். நடக்கமாட்டாதவர்களுக்குக் கடைசிச் சரிவில் இறங்க ஒரு சிறு இழுவைப் பெட்டியும் உண்டு.

நடக்கும்போது இரு மருங்கிலும் பாசி படர்ந்த பெரும் பாறைகளைக் காணலாம். அவற்றின்மேல் மரங்கள் வேரோடியிருக்கின்றன. இப்பாறைகள் இங்கே பிறந்தவை அல்ல. சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முன் வடக்கே நிற்கும் மலையின் ஒரு பெரும்பகுதி சரிந்து வீழ்ந்தது. ஆல்ப்ஸ் மலைகளில் அறியப்பட்ட சரிவுகளிலேயே மிகப் பெரியது அது. பத்து கன கிலோமீட்டர் அளவை ஒட்டிய பாறை பள்ளத்தாக்கை மூடியது. ரைன் ஆற்றின் மேற்கிளை தடைப்பட்டு ஏரியாகத் தேங்கியது; பின்னர் தடையை அறுத்துக்கொண்டு ஆழ்ந்த பள்ளம் ஒன்றைக் குடைந்தது. 1903-ஆம் ஆண்டு முதல் அப்பள்ளத்தினூடே ரயில் ஓடுகிறது.

சரிந்த பாறைக் குவியலின் மேற்பரப்பு மேடும் குழியுமாக நின்றது. அக்குழிகளில் ஒன்றே கௌமா ஏரி. மலையில் உருகும் பனிநீர் சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புகளில் புகுந்து, நிலத்தடியே வழி கண்டு, ஏரிக்குள் ஊற்றாகக் கிளம்புகிறது. ஆதலால் வசந்தத்தின் தொடக்கத்தில் தாழ்ந்திருக்கும் நீர்மட்டம், பனி உருக உருகச் சில மீட்டர் உயர்ந்து, குளிர்காலத்தில் மீண்டும் இறங்குகிறது. மண் கலங்கிய ஓடை எதுவும் வந்து சேராமையால் நீர் பளிங்குபோல் தெளிந்து, பசுநீல நிறம் காட்டுகிறது. அவ்வட்டார மக்களின் ரோமான்ஷ் மொழியில் கௌமா என்றால் கால்நடைகள் நண்பகலில் படுத்து இளைப்பாறும் பொழுது என்பது பொருள். பெயரே நம்மை உட்காரச் சொல்கிறது.

இத்தகைய ஏரிக்கும் ஒரு சோதனை வந்தது. ஃபிளிம்ஸ் ஊரின் நடுவே ஓயாது சென்ற மோட்டார் வண்டிகளின் தொல்லையை நீக்க ஒரு சுரங்கச் சாலை அமைத்தார்கள். 2007-ஆம் ஆண்டில் அது திறக்கப்பட்டது. அதைக் குடைந்தபோது நிலத்தடி நீரின் பாதை குலைந்தது. ஏரியின் மட்டம் தாழ்ந்தது. பின்னர் நீரை மீண்டும் ஏரிப்பக்கம் செலுத்த ஏற்பாடு செய்ய வேண்டியதாயிற்று. சாலை அமைத்தவர்கள் ஏரிக்குப் பகைவர்கள் அல்லர். ஊருக்கு நன்மை செய்யவே முனைந்தார்கள். ஆனால் கண்ணுக்குத் தெரியாத வரத்துக்காலும் வரத்துக்காலே என்பதை அந்த ஏரி கற்பித்தது.

நீராடுவோருக்கு இரண்டொரு சொல். கோடை வெயிலில் மேல்நீர் இதமாக இருக்கும். ஊற்றுள்ள இடத்திலும் ஆழத்திலும் குளிர் கடுமை. திடீரெனக் குதித்தால் மூச்சுத் திணறும். காலும் கையும் மார்பும் நனைந்து பழகிய பின்னரே நீந்துக. தனியே நெடுந்தூரம் செல்லற்க. கோடையில் நுழைவுக் கட்டணம் உண்டு. திரும்பும் பஸ்ஸின் நேரத்தை இறங்கும்போதே குறித்துக்கொள்வது நலம். ஏரிக்கு இறங்கிய வழி, திரும்பும்போது ஏற்றமாகிவிடும்.

பலர் ஒரே பஸ்ஸில் செல்வது சிக்கனம் மட்டுமன்று. சாலையில் வண்டிகள் குறைந்தால், மலையைக் குடைய வேண்டிய தேவையும் குறையும். நம் கண்ணில் படாமல் அந்த ஏரியை நிரப்பும் நீருக்கு நாம் செய்யக்கூடிய சிறு கைம்மாறு அதுவே.