இரத்தத்தில் ஒரு ஸ்டேட்டஸ் மெசேஜ்: மைக்ரோ ஆர்என்ஏ

மணவாள நகரில் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய நண்பர் ஒருவர் கேட்டார்: "சார், மைக்ரோ ஆர்என்ஏ டெஸ்ட் எடுத்தால் சர்க்கரை நோய் முன்பே தெரிந்துவிடுமாமே? அம்மாவுக்கும் அண்ணனுக்கும் இருக்கிறது. நான் எடுக்கலாமா?" பதிலுக்கு முன் விஷயத்தைப் பார்ப்போம்.

மைக்ரோ ஆர்என்ஏ என்றால்?

செல்லிலுள்ள டிஎன்ஏவை ஹார்ட் டிஸ்க் என்று வைத்துக் கொள்ளுங்கள். தேவையான பகுதி மட்டும் தூது ஆர்என்ஏவாக நகலெடுக்கப்படுகிறது. இது பிரிண்டருக்குப் போகும் பிரிண்ட் ஜாப் மாதிரி. அச்சாகி வருவது புரதம். சுமார் 22 எழுத்து நீளமே உள்ள மைக்ரோ ஆர்என்ஏ எந்தப் புரதத்தையும் தராது. தூது ஆர்என்ஏவில் ஒட்டிக்கொண்டு அந்த ஜாபைத் தடுத்துவிடும். 1993-ல் புழுவில் நடந்த இந்தக் கண்டுபிடிப்புக்காக விக்டர் அம்ப்ரோஸ், கேரி ருவ்குன் இருவருக்கும் 2024-ல் நோபல் பரிசு கிடைத்தது.

இது இரத்தத்திலும் சிதையாமல் இருப்பது 2008-ல் உறுதியானது. உதாரணமாக, கல்லீரல் செல்கள் சிதைந்தால் மிர்-122 இரத்தத்தில் கூடும். அதனால்தான் நோய் அடையாளமாக இதை ஆராய்கிறார்கள்.

சென்னையில் நடந்த ஆய்வு

மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தார் 2011-ல் வெளியிட்ட ஆய்வில், இரண்டாம் வகை சர்க்கரை நோயாளிகளின் வெள்ளணுக்களில் மிர்-146ஏ குறைவாக இருந்தது. இது அழற்சிக்குப் பிரேக் போடும் மைக்ரோ ஆர்என்ஏ. பிரேக் தளர்ந்தால் அழற்சி கூடும். இன்சுலின் வேலை செய்வதும் பாதிக்கப்படும்.

நீங்களே பார்க்கலாம்

1. பிரவுசரைத் திறந்து, சர்ச் என்ஜினில் 'மிர்பேஸ்' என்று ஆங்கிலத்தில் டைப் செய்து தேடுங்கள். இது இலவச டேட்டாபேஸ்.

2. அதன் சர்ச் பாக்ஸில் 'எம்ஐஆர்-146ஏ' என்று ஆங்கில எழுத்துக்களில் கொடுத்து என்டர் தட்டுங்கள்.

3. வரும் பட்டியலில் 'ஹெச்எஸ்ஏ' என்று தொடங்குவது மனிதனுடையது; 'எம்எம்யு' எலியுடையது. மனிதனுடையதை க்ளிக் செய்தால் அதன் எழுத்து வரிசை தெரியும்.

டெஸ்ட் எடுக்கலாமா?

நண்பருக்கு நான் சொன்னது இதுதான். ஆய்வு சொல்வது சிறிய குழுக்களின் சராசரி வித்தியாசம். அதை வைத்து தனி ஒருவருக்கு "வரும், வராது" என்று சொல்ல முடியாது. மேலும் மிர்-146ஏ வேறு பல நோய்களிலும் மாறும். சர்க்கரையை உறுதி செய்ய இன்றும் வெறும் வயிற்று குளுக்கோஸ், ஹெச்பிஏ1சி டெஸ்ட்கள்தான். வீட்டில் இருவருக்குச் சர்க்கரை இருப்பதே போதுமான எச்சரிக்கை. அந்த டெஸ்ட்களை ஆண்டுதோறும் எடுங்கள். இன்டர்நெட்டில் படித்ததை டாக்டரிடம் கேளுங்கள்; நீங்களே முடிவு செய்யாதீர்கள்.