கல்யாணத்துக்குப் போகும் கைக்குழந்தை

"சுற்றமும் நட்பும் சூழ வந்திருந்து மணமக்களை ஆசீர்வதிக்க வேண்டும்" என்று பத்திரிகை அச்சடித்து அனுப்பிவிடுகிறார்கள். அந்தச் சுற்றத்தில் பத்து மாதத்துச் சுற்றமும் உண்டு, நாலு வயதுச் சுற்றமும் உண்டு. சென்னையில் குடியிருக்கும் அக்காளுக்குத் திருநெல்வேலியில் தம்பி கல்யாணம் என்றால் ஓர் இரவு ரயில் பிரயாணம். விடிந்து இறங்கினால் அன்று மாலை மாப்பிள்ளை அழைப்பு, மறுநாள் காலை முகூர்த்தம். பெரியவர்களுக்கு இது ஒரு பொருட்டல்ல. இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகப் புறப்படுகிறவளைக் கேட்டால்தான் சங்கதி தெரியும்.

தை, பங்குனி, வைகாசி, ஆவணி மாதங்களில் முகூர்த்தத்தை ஒட்டிய இரவுகளில் எழும்பூர் ஸ்டேஷனில் அரை மணி நேரம் நின்று பாருங்கள். பட்டுப் புடவைப் பெட்டி தகப்பனார் கையில் பத்திரமாக இருக்கும். சீர் சாமான் மூட்டையை மாமனார் எண்ணிக்கொண்டிருப்பார். தூக்கம் கலைந்து வீரிடுகிற குழந்தை மட்டும் தவறாமல் தாயாரின் தோளில்தான். கல்யாண வேலையை ஆளுக்கொன்றாகப் பங்கு போட்டுக்கொள்கிற நம் குடும்பங்களில், இந்த ஒரு வேலையை மட்டும் யாரும் பங்கு போட்டுக்கொள்வதில்லை.

இதனால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். நான் அறிந்த ஒரு பெண்மணி தம் ஒரே தம்பியின் கல்யாணத்துக்குப் பத்து மாதக் குழந்தையுடன் போனார். நம்மில் பல குடும்பங்களில் தாலியின் முதல் முடிச்சை மாப்பிள்ளை போட, மற்ற இரண்டையும் அவனுடைய சகோதரி போடுவது வழக்கம். நாத்தனார் முடிச்சு என்பது சாதாரண உரிமையா? அதற்காகவே அவர் புதுப் புடவை எடுத்திருந்தார். கெட்டி மேளம் கொட்டியது. அபசகுனமான ஓசை எதுவும் காதில் விழக் கூடாது என்பதற்காகத்தான் கெட்டி மேளம் என்பார்கள் பெரியவர்கள். தவிலும் நாதஸ்வரமும் ஒரேயடியாக முழங்கியதில் குழந்தை பயந்து அலறிற்று. பாட்டி வாங்கிப் பார்த்தார், சித்தி வாங்கிப் பார்த்தார்; யாரிடமும் போகவில்லை. தாயார் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கை கழுவுகிற இடத்துக்கு ஓடினார். முடிச்சுப் போட்டது ஒன்றுவிட்ட தங்கை. அப்போது குழந்தையின் தகப்பனார் எங்கே இருந்தார் என்கிறீர்களா? மேடையில், போட்டோக்காரர் நிறுத்திய இடத்தில்.

குழந்தை யாரிடமும் போகவில்லை என்றேனே, அது அதன் பிடிவாதம் அல்ல. எட்டு, ஒன்பது மாதத்தில் தொடங்கி ஒன்றரை, இரண்டு வயது வரையில் பழகாத முகத்தைக் கண்டால் மிரள்வது குழந்தைகளின் இயல்பு. புத்தி வளர்வதற்கு அடையாளம் என்றே குழந்தை வைத்தியர்கள் சொல்லுகிறார்கள். பாட்டியேயானாலும் ஆறு மாதமாகப் பார்க்காத பாட்டி அந்தக் குழந்தைக்குப் புதியவர்தான். ஆகையால் முகூர்த்த நேரத்தில் குழந்தையை வைத்துக்கொள்ளப் போகிறவர் யார் என்பதை ஊருக்குப் புறப்படுவதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டும். அவர் தகப்பனார் என்றால் மிகவும் நல்லது. பழகவேண்டிய தேவையே இல்லை! தகப்பனாரையும் மேடையில் எதிர்பார்ப்பார்கள் என்றால், பாட்டியோ சித்தியோ குழந்தையோடு பழக இரண்டு நாளாவது வேண்டும். அப்படியானால் ஒரு நாள் முன்னதாகவே போய்ச் சேர வேண்டும். ரயில் டிக்கெட்டின் தேதி கல்யாணத் தேதியைப் பார்த்து மட்டும் அல்ல, குழந்தையைப் பார்த்தும் நிச்சயிக்கப்பட வேண்டியது.

டிக்கெட் விஷயத்துக்கு வருவோம். 2024 நவம்பர் முதல் ரயிலில் 60 நாட்களுக்கு முன்புதான் இடம் பதிவு செய்ய முடிகிறது. அதற்கு முன் 120 நாட்களாக இருந்தது. கல்யாணப் பத்திரிகையோ பெரும்பாலும் ஒரு மாதத்துக்கு முன்தான் கைக்கு வந்து சேருகிறது. அதற்குள் முகூர்த்த நாள் வண்டிகளில் இடம் ஏது? நிச்சயதார்த்தத்தன்றே தேதியைக் குறித்துக்கொண்டு, பதிவு தொடங்குகிற அன்றைக்கே எடுத்துவிடுகிறவர் புத்திசாலி.

5 வயது நிறையாத குழந்தைக்கு ரயிலில் கட்டணம் இல்லை. ஆனால் தனிப் படுக்கையும் இல்லை. 5 வயது நிறைந்து 12 வயது ஆகாத குழந்தைக்கு, 2016 ஏப்ரலுக்கு முன், அரைக் கட்டணத்துக்கே படுக்கை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அதன் பிறகு, படுக்கை வேண்டுமென்றால் முழுக் கட்டணம். வேண்டாமென்றால் அரைக் கட்டணம். இங்கேதான் சிக்கனம் குறுக்கே வருகிறது. "ஒரு ராத்திரிதானே, அம்மாவோடு படுத்துக்கொள்ளட்டும்" என்கிறார்கள். சுமார் இரண்டடி அகலப் பலகையில் ஆறு வயதுப் பையனும் கைக்குழந்தையும் படுத்தால் அம்மா எங்கே படுப்பாள்? உட்கார்ந்தே விடிய விடிய வருவாள். சீருக்கும் சிறப்புக்கும் ஆயிரக் கணக்கில் செலவழிக்கிறவர்கள் இந்த அரைக் கட்டணத்தை மிச்சம் பிடிப்பது எனக்கு விளங்காத சிக்கனம். 2022 மே மாதம் லக்னோ மெயிலில் கீழ்ப் படுக்கையோடு ஒட்டினாற்போலக் குழந்தைக்கென்று ஒரு சிறு படுக்கை வைத்துப் பரீட்சை பார்த்தார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நாம் கீழ்ப் படுக்கை ஒன்றாவது கிடைக்கிறதா என்று பார்ப்போம். கிடைக்காவிட்டால் வண்டியில் ஏறியதும் கேட்டுப் பாருங்கள். கைக்குழந்தைக்காரிக்கு மாற்றிக் கொடுக்க மறுக்கிறவர்கள் குறைவு.

பஸ்ஸில் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தமிழ்நாடு அரசு பஸ்களில் 3 வயது வரை இருந்த கட்டணமில்லாப் பயணத்தை 2022-ல் 5 வயது வரை என்று நீட்டினார்கள். பஸ் நிலையங்களில் தாய்மார்கள் பாலூட்டத் தனி அறைகளும் 2015 முதல் ஏற்பட்டிருக்கின்றன, விசாரித்து உபயோகப்படுத்திக்கொள்ளுங்கள்.

வேன் பிடித்துக்கொண்டு உறவினர் கூட்டமாகப் போவது குதூகலமானதுதான். ஆனால் இரண்டு வயதுக்கு மேல் பன்னிரண்டு வயதுக்குள் உள்ள பிள்ளைகளுக்குத்தான் வண்டியில் குமட்டல் அதிகம். வயிறு முட்டக் கொடுத்துப் புறப்படுவதும் தவறு, பட்டினி போடுவதும் தவறு. காற்று வருகிற இடத்தில் உட்கார்த்தி, தூரத்தில் தெரிகிற மலையையோ மரத்தையோ பார்க்கச் சொல்லுங்கள். அழாமல் இருக்கட்டும் என்று கையில் செல்போனைக் கொடுத்தால், குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்து, அடுத்த வளைவில் உங்கள் மடியிலேயே வாந்தி எடுப்பான்.

ஆகாரத்தைப் பற்றி நம் பாட்டிமார்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. நல்லெண்ணெய் தடவிய இட்லிக்கு மிஞ்சிய வழிப் பலகாரம் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. குழந்தைக்கென்று நாலைந்து இட்லியை மிளகாய்ப் பொடி படாமல் தனியாகக் கட்டிக்கொள்ளுங்கள். ஆறு மாதம் ஆகாத குழந்தைக்குத் தாய்ப்பால் தவிர வேறு எதுவும் வேண்டாம், தண்ணீர்கூட வேண்டாம். ஊர்த் தண்ணீர் மாறி வயிற்றுப் போக்கு வந்தால் உதவ, உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலம் பெட்டியில் இருக்கட்டும். ஒரு லிட்டருக்கான பொட்டலமும் உண்டு, 200 மில்லிக்கானதும் உண்டு. உறையில் போட்டிருக்கிற அளவுத் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது.

இனி மண்டபம். அதிகாலை முகூர்த்தமானால் மூன்று மணிக்கே குழந்தையை எழுப்பி, குளிப்பாட்டி, பட்டுப் பாவாடை கட்டி, சங்கிலி வளையல் எல்லாம் பூட்டி உட்கார்த்திவிடுகிறார்கள். தாலி கட்டுகிற நேரத்தில் அது அழாமல் என்ன செய்யும்? அரை மணிக்கு முன் எழுப்பினால் போதும். பட்டுக்கு உள்ளே மெல்லிய பருத்திச் சட்டை ஒன்று போட்டால் உறுத்தாது. தங்கம் வேண்டவே வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். கூட்டத்தில் சங்கிலிக்காகக் குழந்தைக்கு ஆபத்து வரலாம். நகைக்குப் பதிலாகச் சட்டைப் பையில் தகப்பனாரின் போன் நம்பர் எழுதிய காகிதம் இருக்கட்டும்.

சமையல் கட்டின் பக்கம் நடை பழகிய பிள்ளைகளை விடவே கூடாது. கொதிக்கிற சாம்பார் அண்டா தரையோடு தரையாக இருக்கும். பந்திக்குப் பரிமாற வாளியோடு ஓடுகிறவர் கீழே பார்ப்பதில்லை. கெட்டி மேளத்துக்கு முன் குழந்தையை வைத்திருப்பவர் தவிலுக்கும் ஒலிபெருக்கிக்கும் தூரமாக, மண்டபத்தின் கடைசி வரிசைக்குப் போய்விடட்டும். குழந்தை அழுதால் அழட்டும். பத்து நிமிஷம் அழுத குழந்தையைச் சமாதானப்படுத்த முடியும். மூன்றாவது முடிச்சைப் பிறகு போட முடியாது.

திரும்புகிற டிக்கெட்டைக் கல்யாணத்தன்று இரவுக்கே எடுக்கிறார்கள். ஆபீஸ் லீவு இல்லை என்பது காரணம். கூடுமானால் ஒரு நாள் தள்ளி எடுங்கள். இரண்டு நாள் தூக்கம் கெட்ட குழந்தைக்கு ஜுரம் காய்வதானால் அது அப்போதுதான் காயும். ரயிலில் காய்வதைவிடப் பாட்டி வீட்டில் காய்வது மேல். ஜுரம் வராவிட்டால், அக்காளுக்கும் புதிதாக வந்த தம்பி மனைவிக்கும் ஆற அமர உட்கார்ந்து பேச அந்த ஒரு பகல்தான் கிடைக்கும். மறுநாள் கட்டுச்சாதக் கூடையோடு வண்டி ஏறும்போது முறுக்கு, அதிரசப் பொட்டலத்தை மட்டும் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிடாதீர்கள். செங்கற்பட்டு தாண்டும்போது நாலு வயதுக்காரன் விழித்துக்கொண்டு அதைத்தான் கேட்பான்.