ஒரே ஒரு சுரங்கத்துக்காக ஒரு சட்டம்

பட்டுப்பாதை நாடுகளில் தொழிலும் சட்டமும் – 8

2021 மே 6-ஆம் தேதி கிர்கிஸ்தான் நாடாளுமன்றம் ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. அரசிடம் உரிமை ஒப்பந்தம் பெற்று இயங்கும் நிறுவனம் சுற்றுச்சூழலுக்கோ மக்கள் உயிருக்கோ ஆபத்து விளைவித்தால், அதன் நிர்வாகத்தை அரசு மூன்று மாதம் வரை தன் கையில் எடுத்துக்கொள்ளலாம் என்றது அது. வாசிக்கும்போது எல்லோருக்கும் பொதுவான சட்டம் போலத்தான் இருக்கும். ஆனால் அதன் வரையறைக்குள் வரக்கூடிய நிறுவனம் நாட்டிலேயே ஒன்றுதான் இருந்தது: கும்தோர் தங்கச் சுரங்கத்தை நடத்திய நிறுவனம்.

மறுநாளே பிஷ்கெக் நீதிமன்றம் ஒன்று, பனிப்பாறைகளின் மீது கழிவுப் பாறைகளைக் கொட்டியதற்காக அந்த நிறுவனத்துக்கு 300 கோடி டாலருக்கு மேல் அபராதம் விதித்தது. மே 14-ல் அதிபர் சாதிர் ஜபாரொவ் சட்டத்தில் கையெழுத்திட்டார். மே 17-ல் புதிய நிர்வாகி வந்து அமர்ந்தார். அவர் சற்று முன்புவரை சுரங்கத்தின் தாய் நிறுவனமான சென்டெராவின் இயக்குநர் குழுவில் கிர்கிஸ் தரப்பு உறுப்பினராக இருந்தவர்.

அரசு அடாவடியாகப் பிடுங்கிக்கொண்டது என்று வெளிநாட்டுப் பத்திரிகைகள் எழுதின. அது உண்மைதான். ஆனால் அதை மட்டும் சொல்லி நிறுத்துவது கிர்கிஸ் மக்களுக்குச் செய்யும் அநீதி. இந்த வழக்கின் வேர் அதற்கு 29 ஆண்டுகள் முந்தையது.

கும்தோர் கடல் மட்டத்திலிருந்து 4,000 மீட்டருக்கும் மேலே, தியான் ஷான் மலைத்தொடரில் இருக்கிறது. 1978-ல் சோவியத் புவியியலாளர்கள் அங்கே தங்கம் இருப்பதைக் கண்டார்கள். பனியும் தூரமும் சேர்ந்து அப்போது யாரையும் தோண்டவிடவில்லை. 1991-ல் நாடு சுதந்திரம் பெற்றபோது கஜானா காலி. சுரங்கச் சட்டம் தெரிந்த வக்கீல்களும், ஒப்பந்தம் பேசிப் பழகிய அதிகாரிகளும் அந்தப் புதிய அரசில் அநேகமாக இல்லை. அந்த நிலையில்தான், 1992-ல், திறந்த டெண்டர் எதுவும் இல்லாமல், சீபெகோ என்ற இடைத்தரகு நிறுவனத்தின் வழியாக, கனடாவின் கமெக்கோவுடன் ஒப்பந்தம் ஏற்பட்டது. சீபெகோவைச் சுற்றி எழுந்த தங்க ஊழல் புகாரில் 1993 டிசம்பரில் பிரதமர் துர்சுன்பெக் சிங்கிஷெவின் அரசே கவிழ்ந்தது. ஒப்பந்தம் மட்டும் கவிழவில்லை.

1997-ல் தங்கம் வரத் தொடங்கியது. மறு ஆண்டு மே 20-ஆம் தேதி, சுரங்கத்துக்குப் போன லாரி ஒன்று பாலத்திலிருந்து பர்ஸ்கவுன் ஆற்றில் விழுந்தது. அதில் இருந்த சோடியம் சயனைடில் 1,762 கிலோ தண்ணீரில் கலந்தது. இஸிக்குல் ஏரிக்குப் போகும் ஆறு அது. கீழே இருந்த கிராமத்து மக்களுக்குப் பல மணி நேரம் கழித்துத்தான் விஷயம் சொல்லப்பட்டது. ஆயிரக்கணக்கானவர்கள் மருத்துவ உதவி தேடிப் போனார்கள். நஷ்டஈட்டுத் தகராறு ஆண்டுக்கணக்கில் இழுத்தது. 2005-ல் கிராமத்தார் சுரங்கத்துக்குப் போகும் சாலையையே மறித்தார்கள். ஒப்பந்தம் எழுதியவர்கள் யாரும் பர்ஸ்கவுன்காரர்களை ஒரு தரப்பாக நினைத்ததே இல்லை. கும்தோரைப் பற்றி எழுதும் பொருளாதார நிபுணர்கள் இந்த ஆற்றை ஒரு வரியில் கடந்துபோவது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

ஒப்பந்தத்தைத் திருத்தும் படலம் 2004-ல் தொடங்கியது. முதலில் சுரங்கத்தில் மூன்றில் இரண்டு பங்கு கிர்கிஸ் அரசு நிறுவனமான கிர்கிஸ்அல்டினிடம் இருந்தது. அதைக் கொடுத்துவிட்டு, கமெக்கோவிலிருந்து பிரிந்து டொரொன்டோ பங்குச்சந்தையில் புதிதாக இறங்கிய சென்டெராவில் சிறுபான்மைப் பங்கை வாங்கிக்கொண்டது. அதற்கு ஒப்புதல் கொடுத்த அதிபர் அகாயெவ் 2005-ல் மக்கள் கிளர்ச்சியில் நாட்டை விட்டு ஓடினார். 2009-ல் அடுத்த அதிபர் பகியெவ் புதிய ஒப்பந்தம் போட்டார்: கிர்கிஸ் பங்கு 33 சதவீதம், மொத்த வருவாயில் 13 சதவீதம் வரி, இஸிக்குல் வட்டார வளர்ச்சிக்கு இன்னொரு சதவீதம். மறு வருடமே அவரும் விரட்டப்பட்டார். 2017-ல் இன்னொரு ஒப்பந்தம்.

சென்டெராவில் இருந்த அந்தப் பங்குகளும் நிம்மதியாக இருக்கவில்லை. கிர்கிஸ் அரசு தங்களுக்குப் பணம் தர வேண்டும் என்று நடுவர் தீர்ப்பு வாங்கிய வேறு முதலீட்டாளர்கள், கனடா நீதிமன்றத்தில் அவற்றை ஜப்தி செய்யக் கேட்டார்கள். பங்குகள் கிர்கிஸ்அல்டினுக்குச் சொந்தம், அரசுக்கு அவற்றில் உரிமை இல்லை என்று 2016-ல் ஒன்டாரியோ மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்ன பிறகே அவை தப்பின.

2017-ல் நடந்த இன்னொன்றுதான் மிக முக்கியமானது. தாவிதொவ், லிஸி என்ற இரண்டு பனிப்பாறைகளைச் சுரங்க வேலை பாதிக்கலாம் என்று அனுமதிக்கும் வகையில் தண்ணீர்ச் சட்டம் திருத்தப்பட்டது. கும்தோருக்கு மட்டுமே பொருந்தும் திருத்தம் அது. அதாவது, 2021-ல் இந்த நிறுவனத்துக்கு எதிராக எழுதப்பட்ட தனிச் சட்டத்துக்கு நான்கு ஆண்டுகள் முன்பு, இதே நிறுவனத்துக்குச் சாதகமாக ஒரு தனித் திருத்தம் எழுதப்பட்டிருந்தது. அன்று முதலீட்டாளர் உலகம் அதைச் சட்டத்தின் சீரழிவு என்று சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

ஜபாரொவுக்கும் கும்தோருக்கும் பழைய கணக்கு உண்டு. சுரங்கத்தை நாட்டுடைமையாக்கக் கோரி 2012 அக்டோபரில் பிஷ்கெக்கில் நடந்த ஊர்வலம் அரசு மாளிகையின் வேலியைத் தாண்டியது. அதற்காகத் தண்டனை பெற்றவர்களில் அவரும் ஒருவர். பிறகு வேறொரு வழக்கில் சிறையில் இருந்தவரை 2020 அக்டோபர் கிளர்ச்சியில் கூட்டம் வெளியே கொண்டுவந்தது. சில மாதங்களில் அதிபரானார்.

சென்டெரா சும்மா இருக்கவில்லை. சர்வதேச நடுவர் மன்றத்தை நாடியது. சுரங்க நிறுவனத்தின் பெயரில் நியூயார்க் திவால் நீதிமன்றத்திலும் பாதுகாப்புக் கேட்டது. ஆனால் எந்த நீதிபதியும் கடைசிவரை விசாரித்துத் தீர்ப்பு எழுதவில்லை. 2022 ஏப்ரல் 4-ல் இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டன. கிர்கிஸ்அல்டின் சென்டெராவில் வைத்திருந்த ஏறத்தாழ 26 சதவீதப் பங்குகளைத் திருப்பிக் கொடுத்தது. சுரங்கம் முழுவதும் கிர்கிஸ் தரப்புக்கு வந்தது. வழக்குகள் எல்லாம் கைவிடப்பட்டன, அந்த 300 கோடி டாலர் அபராதம் உட்பட.

கும்தோர் கிர்கிஸ் மக்களுடையதானது நியாயம் என்றே நான் நினைக்கிறேன். அதற்குப் பிடித்த வழி நியாயமில்லை. பனிப்பாறைக்காக அபராதம் விதித்தவர்கள், சுரங்கம் கைக்கு வந்ததும் பனிப்பாறையைப் பற்றிய கேள்வியையும் சேர்த்து மூடிவிட்டார்கள். இன்று சுரங்கத்தின் உரிமையாளர் அரசு. கண்காணிக்க வேண்டியதும் அரசு. உற்பத்திக் கணக்கு, தண்ணீர்ப் பரிசோதனை முடிவு, கழிவுக் குவியல்களின் நிலை ஆகியவற்றை பர்ஸ்கவுன் மக்கள் நேரில் கேட்டு வாங்கிப் படிக்கும்படி சட்டம் இயற்ற வேண்டும். இதுவரை கும்தோருக்காக எழுதிய சட்டங்களில் அவர்களுக்காக எழுதப்பட்டது அதுவே முதலாவதாக இருக்கும்.

(தொடரும்)