கிராஃபுக்குள் எண்கள் உயிரோடு இருக்கின்றன, தெரியுமா?

கணினியில் அழகாக ஒரு கிராஃப் போட்டாயிற்று. அதை இன்னொரு ஜன்னலில் இருக்கும் கிராஃபோடு சேர்க்க வேண்டும். உடனே என்ன செய்கிறோம்? ஸ்கிரீன்ஷாட்! வெட்டு, ஒட்டு, வேலை முடிந்தது. ஆனால் மேட்லேப் மாதிரியான கணக்கீட்டு மென்பொருள்களில் கிராஃப் என்பது வெறும் படமே இல்லை. அதற்குள் எண்கள் இருக்கின்றன, நிறங்கள் இருக்கின்றன, யார் யாருக்குச் சொந்தம் என்ற கணக்கும் இருக்கிறது. ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு அதைக் காப்பி பண்ணும்போது எது கூட வரும், எது வராது? படித்துப் பாருங்கள், அசந்துபோவீர்கள்!

தொடக்கத்தில் வெறும் நட்சத்திரக் குறிகள்தான்!

1970களின் கடைசியில் அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோ பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியர் கிளீவ் மோலர், தன் மாணவர்கள் ஃபோர்ட்ரான் மொழியில் புரோகிராம் எழுதாமலே மேட்ரிக்ஸ் கணக்குகள் போடட்டும் என்று உருவாக்கியதுதான் முதல் மேட்லேப். அதில் கிராஃப் எப்படி வரும் தெரியுமா? டைப்ரைட்டர் மாதிரியான டெர்மினலில் நட்சத்திரக் குறிகளை வரிவரியாக அச்சடித்துத் தள்ளும். அவ்வளவுதான்! அச்சான பிறகு அதைத் தொட முடியாது. 1984-இல் ஜாக் லிட்டில், ஸ்டீவ் பேங்கர்ட், மோலர் மூவரும் மேத்வொர்க்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 1990களில் 'ஹேண்டில் கிராஃபிக்ஸ்' வந்தது. கோடு, எழுத்து, அச்சு எல்லாவற்றுக்கும் தனித்தனி அடையாளம் கிடைத்தது. காப்பி பண்ணும் வித்தைக்கு அஸ்திவாரம் அங்கேதான் விழுந்தது.

ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு பெற்றோர் உண்டு!

மேட்லேப்பில் எல்லாவற்றுக்கும் மேலே 'ரூட்'. அதன் கீழே ஃபிகர், அதாவது நீங்கள் பார்க்கும் ஜன்னல். ஃபிகருக்குள் ஆக்ஸஸ் எனும் அச்சுச் சட்டம். அந்தச் சட்டத்துக்குள் கோடு, புள்ளி, பரப்பு, எழுத்து. ஒவ்வொன்றும் தனக்கு மேலே உள்ளதை 'பேரன்ட்' என்று பதிந்து வைத்திருக்கும், கீழே உள்ளவற்றை 'சில்ட்ரன்' என்று பட்டியல் போட்டிருக்கும். ஜன்னலை மூடினால் உள்ளே இருப்பவை அத்தனையும் கூடவே போய்விடும்!

தரவை அழித்தாலும் கிராஃப் மறக்காது!

சைன் அலை ஒன்றை வரையுங்கள். பிறகு 'கிளியர்' கொடுத்து நினைவகத்தில் உள்ள மாறிகளை எல்லாம் துடைத்துவிடுங்கள். எண்கள் போய்விட்டனவா? இல்லை! திரையில் இருக்கும் கோட்டின் ஹேண்டிலை, அதாவது அதன் அடையாளத்தைப் பிடித்து 'எக்ஸ்டேட்டா', 'ஒய்டேட்டா' என்று கேட்டால் ஒவ்வொரு புள்ளியும் அப்படியே திரும்பி வரும். வரைந்த கணத்திலேயே கோடு தனக்கென்று எண்களை எடுத்து வைத்துக்கொள்கிறது. கணக்கிட்ட புரோகிராம் தொலைந்துபோய் கிராஃப் மட்டும் திறந்திருக்கிறதா? கவலையை விடுங்கள், தரவு கையில்தான் இருக்கிறது!

ஒரே ஒரு கட்டளை போதும்!

'காப்பிஆப்ஜ்'. அதற்கு இரண்டே விஷயம் சொன்னால் போதும்: எதை, யாரிடம். முதல் ஃபிகரில் உள்ள கோட்டைச் சொல்லி, இரண்டாவது ஃபிகரின் ஆக்ஸஸைக் காட்டினால் கோடு அங்கேயும் முளைத்துவிடும். நகலைச் சிவப்பாக்கிப் பாருங்கள், மூலம் நீலமாகவே இருக்கும். முதல் ஜன்னலை மூடிவிடுங்கள், நகலுக்கு ஒன்றும் ஆகாது. முழு ஆக்ஸஸையே காப்பி பண்ணினால் உள்ளே இருக்கும் கோடுகள், எழுத்துகள் அத்தனையும் பின்னாலேயே வந்துவிடும். ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. கோட்டை ஆக்ஸஸிடம்தான் கொடுக்க வேண்டும், ஆக்ஸஸை ஃபிகரிடம்தான் கொடுக்க வேண்டும். கோட்டை நேரே ஃபிகரிடம் நீட்டினால் பிழைச் செய்திதான் கிடைக்கும்!

நகல் வேண்டாம், அசலே இடம் மாறலாம்!

கோட்டின் 'பேரன்ட்' பண்பை வேறொரு ஆக்ஸஸாக மாற்றி எழுதுங்கள். கோடு பழைய இடத்தைக் காலி செய்துவிட்டுப் புது இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். இது காப்பி இல்லை, முழுக் குடிபெயர்ப்பு!

புது ஜன்னலிலும் மூலையிலேயே ஒடுங்கும்!

இரண்டுக்கு இரண்டாக நான்கு சின்ன கிராஃப்கள். அதில் ஒன்றை மட்டும் புதிய ஃபிகருக்குக் காப்பி பண்ணுகிறீர்கள். ஜன்னல் முழுக்க விரியும் என்றுதானே நினைப்பீர்கள்? விரியாது! தன் பழைய அளவையும் இடத்தையும் நினைவில் வைத்துக்கொண்டு அதே மூலையில் சின்னதாக உட்கார்ந்திருக்கும். விரிய வைக்க வழி? 'பொசிஷன்' பண்பில் 0.13, 0.11, 0.775, 0.815 என்று நான்கு எண்களைக் கொடுங்கள். மேட்லேப் சாதாரணமாகப் போடும் தனி ஆக்ஸஸின் அளவு அதுதான். ஜன்னலின் அகலம், உயரம் இரண்டையும் 1 என்று வைத்துக்கொண்டு அளந்த எண்கள் இவை.

நேர்கோடு ஒரே நொடியில் வளைந்துவிடும்!

எல்லாவற்றிலும் ஆபத்தான அதிசயம் இதுதான். 1, 10, 100, 1000 ஆகிய எண்களையும் அவற்றின் வர்க்கங்களையும் இரண்டு அச்சுகளும் லாக் அளவுகோலில் இருக்கும் லாக்-லாக் கிராஃபில் வரையுங்கள். ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி நேர்கோடு வரும். அந்தக் கோட்டை மட்டும் ஒரு சாதாரண ஆக்ஸஸுக்குக் காப்பி பண்ணுங்கள். முதல் மூன்று புள்ளிகளும் இடது கீழ் மூலையில் நெருக்கியடித்துக்கொள்ளும். நான்காவது மட்டும் வலது உச்சியில் நிற்கும். நேர்கோட்டைக் காணவே காணோம்! எண் ஒன்றுகூட மாறவில்லை. பிறகு என்ன ஆயிற்று? லாக் அளவுகோல் கோட்டுக்குச் சொந்தமில்லை, ஆக்ஸஸுக்குச் சொந்தம். வாடகை வீட்டைக் காலி செய்யும்போது கட்டிலும் பீரோவும் கூட வரும், சுவரில் அடித்த பெயின்ட் வராது இல்லையா, அந்தக் கதைதான். தலைப்பு, அச்சுப் பெயர்கள், அச்சின் எல்லைகள் இவையும் ஆக்ஸஸின் சொத்துதான். கோட்டை மட்டும் எடுத்துப்போனால் இவை எல்லாம் பின்தங்கிவிடும்.

நிறமும் கைவிட்டுப் போகும்!

வண்ணமயமான முப்பரிமாணப் பரப்பு ஒன்றைப் புதிய ஃபிகருக்குக் கொண்டுபோகிறீர்கள். அங்கே போனதும் நிறமே வேறு! காரணம், கலர்மேப் எனும் நிறவரிசையைப் பழைய ஃபிகருக்கு வைத்திருந்தீர்கள். பரப்பு தன் எண்களை மட்டும்தான் எடுத்து வந்தது. எந்த எண்ணுக்கு எந்த நிறம் என்பதைப் புதிய வீட்டுக்காரர்தான் தீர்மானிப்பார். தனியாக ஒன்றும் சொல்லாவிட்டால் 2014பி பதிப்பிலிருந்து வரும் 'பருலா' எனும் நீல-மஞ்சள் வரிசை பூசப்படும். அதற்கு முன் வானவில் மாதிரியான 'ஜெட்' இருந்தது.

லெஜெண்ட் தனியாக வராது!

எந்தக் கோடு எதைக் குறிக்கிறது என்று சொல்லும் லெஜெண்ட் பெட்டி, ஆக்ஸஸுக்குள்தானே தெரிகிறது? ஆக்ஸஸைக் காப்பி பண்ணினால் தானாகவே வரும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். ஆக்ஸஸையும் லெஜெண்டையும் ஒரே பட்டியலில் சேர்த்து, ஒரே கட்டளையில் கொடுக்க வேண்டும். அப்போதுதான் ஜோடி பிரியாமல் போய்ச் சேரும். நிறங்களுக்கான எண்களைக் காட்டும் கலர்பாருக்கும் இதே விதி!

கடைசியில் வந்தவர் முதலில் நிற்பார்!

காலை, மதியம், இரவு வெப்பநிலை என்று மூன்று கோடுகளை அந்த வரிசையிலேயே வரைகிறீர்கள். ஆக்ஸஸிடம் 'சில்ட்ரன்' பட்டியலைக் கேளுங்கள். இரவு, மதியம், காலை என்று தலைகீழாக வரும்! புதிதாக வரைந்ததைத்தான் மேட்லேப் முதலில் வைக்கும். இது தெரியாமல் பட்டியலை அப்படியே எடுத்துப் பெயர் சூட்டினால் இரவுக் கோட்டுக்குக் 'காலை' என்ற பெயர் ஒட்டிக்கொள்ளும். கிராஃப் பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கும், சொல்வது மட்டும் பொய்!

உருவம் வரும், செயல் வராது!

கோட்டை மவுஸால் சொடுக்கினால் ஏதாவது நடக்கும்படி நீங்கள் புரோகிராம் எழுதியிருக்கலாம். 2014பி பதிப்பிலிருந்து காப்பிஆப்ஜ் அந்தத் தூண்டுதல்களை நகலுக்குக் கொண்டுபோவதில்லை. நகல் அச்சு அசலாக அப்படியே இருக்கும், சொடுக்கினால் அசையாது. பழைய பழக்கம் வேண்டுமென்றால் கட்டளையின் கடைசியில் 'லெகசி' என்று சேர்த்தால் போதும்.

ஃபிக் கோப்பு ஒரு தரவுப் பெட்டி!

கிராஃபைச் சேமிக்கும் '.ஃபிக்' கோப்பு படக் கோப்பு இல்லை. மேட்லேப்பின் தரவுக் கோப்பேதான், வெளியே மட்டும் வேறு பெயர். அதைத் திரையில் காட்டாமலே திறந்து, வேண்டிய கோட்டை எடுத்து வேறு ஃபிகரில் வைத்துவிடலாம். இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. படம்தானே என்று யாருக்காவது ஃபிக் கோப்பை அனுப்பினால், அதிலுள்ள எண்கள் அத்தனையையும் சேர்த்தே அனுப்புகிறீர்கள்!

பைத்தானில் "முடியாது" என்று முகத்துக்கு நேரே சொல்லும்!

கை-கால் வலிப்பு நோயாளிகளின் மூளை அலைகளை ஆராய்ந்துகொண்டிருந்த நரம்பியல் ஆய்வாளர் ஜான் ஹண்டர், மேட்லேப்பின் பாணியைப் பின்பற்றிப் பைத்தான் மொழிக்காக உருவாக்கியது மேட்பிளாட்லிப். 2003-இல் வெளியானது. பாணி ஒன்றுதான், குணம் வேறு! இங்கே ஒரு கோடு ஒரே ஒரு ஃபிகருக்குத்தான் சொந்தம். அதே கோட்டை இன்னொரு ஃபிகரில் சேர்க்கப் பார்த்தால் பிழைச் செய்தி வந்து நிறுத்திவிடும். வழி இல்லாமல் இல்லை. கோட்டிடம் எண்களைக் கேட்டு வாங்கி மறுபடி வரையலாம். முழு ஃபிகரும் வேண்டுமானால் 'பிக்கிள்' செய்து சேமித்து, மறுபடி திறந்து நகல் எடுக்கலாம்.

ஆர் மொழியில் காகிதத்தில் மை மாதிரி!

நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகாவும் ராபர்ட் ஜென்டில்மேனும் உருவாக்கிய ஆர் மொழியின் அடிப்படைக் கிராஃபில், போட்ட கோட்டைத் தனியாகப் பிடித்து இழுக்கவே முடியாது. அதற்குப் பதிலாக, வரைந்த கட்டளைகளை வரிசையாகப் பதிவு செய்துகொண்டு வேறோர் இடத்தில் மறுபடி ஓட்டிக் காட்டும். மேத்தமேட்டிகாவோ இரண்டு கிராஃப்களை 'ஷோ' கட்டளையில் சேர்த்து ஒன்றாக்கும். அதில் முதலில் நிற்கும் கிராஃபின் அமைப்புதான் செல்லுபடியாகும்!

கிளிப்போர்டுக்குப் போனால் எண்கள் இல்லை!

2020ஏ பதிப்பில் மேட்லேப் 'காப்பிகிராஃபிக்ஸ்' என்ற கட்டளையைக் கொண்டுவந்தது. கிராஃபைக் கிளிப்போர்டில் போட்டு நேரே ரிப்போர்ட்டில் ஒட்டலாம். வெக்டராக எடுத்தால் எவ்வளவு பெரிதாக்கினாலும் கோடு உடையாது. ஆனால் ஒட்டியது படம் மட்டுமே. அதனிடம் போய் எக்ஸ்டேட்டா கேட்க முடியாது.

அடுத்த முறை ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டுக்காக கிராஃபை இடம் மாற்றும்போது நான்கு விஷயங்களைச் சரிபாருங்கள்: அளவுகோல், அச்சின் எல்லைகள், நிறவரிசை, லெஜெண்ட் பெயர்கள். இந்த நான்கும் மூலத்தோடு ஒத்துப்போனால்தான் நகல் உண்மை பேசும். கூடவே, படத்தை மட்டும் சேமிக்காமல் ஃபிக் கோப்பையும் பத்திரமாக வைத்திருங்கள். பின்னாளில் யாராவது எண்களைக் கேட்டால் எடுத்துக் கொடுக்கலாம்!